பந்துக்கும் பந்துக்கும் நடுவில்

ஜூலையில் மகளை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்ததிலிருந்து சனிக்கிழமை ராத்திரிகளில் வீடு வெறிச்சென்று இருந்தது. சரி, பழைய படங்களை எடுத்துப் பார்க்கலாம் என்று நானும் இவரும் உட்கார்ந்தோம். எனக்கு பேஸ்பால் படங்கள் என்றால் உயிர். அவருக்கு ரொமான்டிக் காமெடி. ஒரு வாரம் என்னுடையது, மறு வாரம் அவருடையது என்று பேசிக்கொண்டோம். இப்போது எட்டு வாரம் ஆகிவிட்டது. இரண்டும் ஒரே வகைப் படம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

விளையாட்டே தெரியாமல் பேஸ்பால் படத்தை எப்படிப் பார்ப்பது என்று தோழிகள் கேட்பார்கள். எறிகிறவர் பிட்சர், குந்தி உட்கார்ந்து பிடிக்கிறவர் கேட்சர், அடித்தவர் மூன்று மூலைகளைத் தொட்டுவிட்டுக் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்தால் ஒரு ரன். இது போதும். மீதியெல்லாம் பேச்சு. ஆமாம், பேச்சுதான். ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவில் அத்தனை நேரம் இருக்கிறது.

முதல் வாரம் 'புல் டர்ஹாம்' போட்டோம். 1988இல் வந்த படம். எழுதி இயக்கிய ரான் ஷெல்டன் தானே மைனர் லீக்கில், அதாவது பெரிய லீக்குக்குக் கீழே இருக்கும் சின்ன அணிகளின் போட்டிகளில், ஐந்து வருடம் ஆடியவர், பெரிய லீக்குக்குப் போக முடியாமலே நின்றுவிட்டவர். அதனால் அந்த உலகத்தின் வியர்வை வாசம் படம் முழுக்க இருக்கிறது. வட கரோலினாவில் டர்ஹாம் என்ற ஊரின் குட்டி அணி. பந்து மின்னல் மாதிரி போகும், ஆனால் எங்கே போகும் என்று தெரியாத இளம் பிட்சராக டிம் ராபின்ஸ். அவனைப் பழக்க வந்த வயதான கேட்சர் கிராஷ் டேவிஸாக கெவின் காஸ்ட்னர்.

ஆட்டத்தின் நடுவே பிட்சர் நிற்கிற மேட்டில் ஐந்தாறு பேர் கூடி நின்று குசுகுசுவென்று பேசுகிறார்கள். பயிற்சியாளர் என்னமோ ஏதோ என்று ஓடி வருகிறார். விஷயம் இதுதான்: பிட்சரின் அப்பா பார்க்க வந்திருப்பதால் பையனுக்கு நடுக்கம். இன்னொருவனின் கையுறைக்கு யாரோ சூனியம் வைத்துவிட்டார்களாம், எடுக்க உயிருள்ள சேவல் வேண்டுமாம். அப்புறம், கல்யாணம் பண்ணப்போகிற ஜோடிக்கு என்ன பரிசு வாங்குவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பயிற்சியாளர் ஒரு நொடி யோசித்துவிட்டு, மெழுகுவத்தித் தாங்கி எப்போதுமே நல்ல பரிசு என்று சொல்லிவிட்டு, சரி போய் ஆடுங்கள் என்று தட்டிக்கொடுக்கிறார். மொய் எழுதுவதா, குக்கர் வாங்குவதா என்று ஆபீசில் நாங்கள் கூடிப் பேசுவதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. வேலை நடக்கிற இடத்தில் வாழ்க்கை இப்படித்தான் உள்ளே வரும்.

அந்தப் படத்தில் சூசன் சரண்டன் ஏற்ற ஆனி பேஸ்பாலையே மதமாகக் கும்பிடுகிறவள். பந்தில் 108 தையல், ஜெபமாலையிலும் 108 மணி என்று ஆரம்பத்திலேயே சொல்லுவாள். தையல் கணக்கு சரி. கத்தோலிக்க ஜெபமாலையில் 59 மணிதான். 108 என்பது நம் பக்கத்து ஜபமாலைக் கணக்கு. பாட்டியின் துளசி மாலையை உருட்டி எண்ணிய கை எனக்கு. அந்த எண்ணைக் கேட்டதும் அந்தப் பெண்ணை என் வீட்டு ஆளாகவே எடுத்துக்கொண்டேன்.

கிராஷ் சொல்லும் கணக்கு ஒன்றும் உண்டு. ஆயிரம் முறை ஆடினால் 250 அடி என்ற சராசரி வைத்திருப்பவனுக்கும் 300 வைத்திருப்பவனுக்கும் 500 முறை ஆடினால் 25 அடிதான் வித்தியாசம். சீசன் சுமார் 25 வாரம். வாரத்துக்கு ஒரே ஒரு அடி கூடுதலாக, அதுவும் தடவிக்கொண்டு போய் விழுந்த அடியாக இருந்தாலும், நீ பெரிய லீக்கின் யாங்கீ ஸ்டேடியத்தில் இருப்பாய். இருபத்தைந்து வயதில் இதைக் கேட்டபோது நல்ல வசனம் என்று நினைத்தேன். இப்போது கேட்கும்போது தொண்டை அடைக்கிறது. அரை மார்க்கில் நழுவிய வேலை ஒன்று எனக்கும் உண்டு.

இவருடைய வாரத்தில் 'வென் ஹாரி மெட் சாலி'. நோரா எஃப்ரான் எழுதி ராப் ரெய்னர் இயக்கியது, 1989. இரண்டு பேர் 12 வருடம் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், அவ்வளவுதான் கதை. அதிலும் ஒரு காட்சியில் ஹாரியும் அவன் நண்பனும் காசு போட்டால் பந்து வரும் கூண்டுக்குள் நின்று மட்டையை வீசிக்கொண்டே சாலியைப் பற்றிப் பேசுகிறார்கள். அவளிடம் எதை வேண்டுமானாலும் சொல்ல முடிகிறது என்பது ஹாரிக்கு ஆச்சரியம். கடைசியில் காதலைச் சொல்லும்போதும், தூங்குவதற்கு முன்னால் கடைசியாகப் பேச விரும்புகிற ஆள் நீதான் என்கிறான். முத்தமோ அழகோ அல்ல, பேச்சு! இவர் டிவியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் ராத்திரி கடைசியாக நாங்கள் பேசுவது, கேஸ் மூடியாச்சா, பால்காரருக்குக் காசு எடுத்து வைத்தாயா. அதுவும் பேச்சுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

'ஸ்லீப்லெஸ் இன் சியாட்டில்' (1993) பார்த்தபோது என் வாதத்துக்கு இன்னும் பலம் வந்தது. மனைவியை இழந்த அப்பாவுக்கு முன்பின் தெரியாத ஒருத்தி பால்டிமோரிலிருந்து எழுதிய கடிதத்தைப் படிக்கிற சின்னப் பையன், ப்ரூக்ஸ் ராபின்சன்தான் பெரிய ஆட்டக்காரர் என்று இவள் சொல்கிறாள் பாருங்கள் அப்பா, இது ஒரு சகுனம் என்று குதிக்கிறான். ராபின்சன் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணிக்கு மட்டுமே 23 சீசன் ஆடியவர். பையன் பார்த்த சகுனம் சரிதான். ஒரே ஊரில் ஒட்டிக்கொண்டு நின்ற மனிதரைப் பிடிக்கிறது என்று சொல்கிற பெண்ணை நானும் நம்புவேன். 'ஃபீவர் பிட்ச்' (2005) இரண்டையும் நேரடியாகவே கலந்த படம், எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி 86 வருடம் கழித்து 2004இல் நிஜமாகவே சாம்பியன் பட்டத்தை ஜெயித்துவிட்டதால் படத்தின் முடிவையே மாற்ற வேண்டி வந்தது என்ற செய்திதான் படத்தைவிட அழகு.

என் உயிர்ப் படம் 'ஃபீல்ட் ஆஃப் ட்ரீம்ஸ்'. 1989. அயோவாவில் ஒரு விவசாயி குரல் ஒன்றைக் கேட்டு மக்காச்சோளத்தை அழித்துவிட்டு மைதானம் போடுகிறான். முன்பெல்லாம் விவசாயியாக வரும் காஸ்ட்னரை மட்டும் பார்ப்பேன். இந்தத் தடவை கண் போனதெல்லாம் ஏமி மேடிகன் மேல்தான். விளைச்சல் போனால் கடன் கழுத்தை நெரிக்கும் என்று தெரிந்தும், உனக்குச் செய்ய வேண்டும் என்று தோன்றினால் செய் என்கிற மனைவி. இந்தப் படம் நிற்பதே அவள் மேல்தான். நல்ல ரொமான்டிக் காமெடியின் கதாநாயகி அவள்.

அதில் ஒரு டாக்டர் வருவார், பர்ட் லங்காஸ்டர் நடித்தது. ஆர்ச்சிபால்ட் கிரஹாம் என்ற அந்த மனிதர் நிஜமாகவே 1905இல் நியூயார்க் ஜயன்ட்ஸுக்காக ஒரே ஒரு ஆட்டம் ஆடியவர். மட்டை பிடிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவே இல்லை. அப்புறம் மினசோட்டாவில் ஒரு சின்ன ஊரில் டாக்டராகவே வாழ்ந்தார். படத்தில் அவர் சொல்வார்: ஐந்து நிமிடம் மட்டும் டாக்டராக இருக்க முடிந்திருந்தால் அதுதான் சோகம்.

தொண்ணூறுகளின் கடைசியில் இதை கேபிளில் அப்பாவோடு பார்த்தேன். சப்டைட்டில் கிடையாது. நான் மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியில் செத்துப்போன அப்பா இளைஞனாக வந்து நிற்க, மகன் பந்து போட்டுப் பிடித்து விளையாடலாமா என்று கேட்கிறான். அப்பா கேட்டார்: "படம் பூரா என்னென்னமோ பேசினான். அப்பன்கிட்ட மட்டும் ஒரு மன்னிப்பு கேக்கலியே?" எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது அவருக்கு 81. தினமும் ஏழரைக்கு போன் வரும். "சாப்டியாம்மா?" "சாப்டேம்பா. நீங்க?" "ஆச்சு. அங்க மழையா?" "இல்லப்பா. அங்க?" இவ்வளவுதான். இந்தத் தடவை அந்தக் காட்சி ஓடும்போது பந்து போகவும் வரவும் அப்பாவின் குரல்தான் கேட்டது.

2023இல் அமெரிக்கப் பெரிய லீக்கில் பிட்சருக்குக் கடிகாரம் வைத்துவிட்டார்கள். மூலைகளில் ஓடக் காத்திருக்கும் ஆள் யாரும் இல்லாதபோது 15 விநாடிக்குள் எறிய வேண்டும். 2022இல் சராசரியாக 3 மணி 4 நிமிடம் நடந்த ஆட்டம் அடுத்த வருடமே 2 மணி 40 நிமிடத்துக்கு வந்துவிட்டது. மேட்டுக்குப் போய்ப் பேசுவதற்கு அதற்கு முன்பே வரம்பு வந்துவிட்டது. தினமும் மைதானத்துக்குப் போகிறவர்களுக்கு அது நல்லதாகவே இருக்கட்டும். ஆனால் இப்போது ஓடிடியில் வரும் காதல் படங்களும் அதே கடிகாரத்தில் ஓடுகின்றன என்பது என் நிஜமான வருத்தம். சந்திப்பு, சண்டை, விமான நிலையம், முடிந்தது. இரண்டு பேர் சாப்பிட உட்கார்ந்தால் உருப்படியாக நாலு வார்த்தை பேசுவதற்குள் வெட்டிவிடுகிறார்கள்.

இந்த வாரம் என் முறை. மறுபடியும் 'புல் டர்ஹாம்'தான் வேண்டும் என்றேன். கடைசிக் காட்சியில் மழை. ஆட்டத்தை விட்டுவிட்டு வந்த கிராஷ் ஆனி வீட்டுத் தாழ்வாரத்தில் இருக்கிறான். அவள் வழக்கம்போல் தன் தத்துவங்களை ஆரம்பிக்கிறாள். நீ சொல்வதையெல்லாம் கேட்க எனக்கு நேரம் இருக்கிறது, இப்போது களைப்பாக இருக்கிறது, சும்மா இருக்கணும்போல இருக்கிறது என்கிறான். அதுவும் என்னால் முடியும் என்கிறாள் அவள்.

டிவியை அணைத்த பிறகும் நாங்கள் எழுந்திருக்கவில்லை. மேல் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது. இவர்தான் போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து, மறுபடியும் பக்கத்தில் உட்கார்ந்தார்.