பாட்டுப் பட்டியலை யார் கேட்கிறார்கள்?
பாட்டுகளின் காப்புரிமை பற்றிய இந்தக் கட்டுரையில், மேடையில் பழைய பாட்டைப் பாடுகிற பாடகர்தான் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும் என்று இருக்கிறதே, நம் மலேசியாவில் நடைமுறை அப்படியில்லை. நான் பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் பக்கம் கல்யாண விருந்துகளில் கீபோர்டு வாசிக்கிறவன். பொது இடத்தில் இசைப்பதற்கான உரிமத்தை வழக்கமாக மண்டபமோ ஹோட்டலோ ஏற்பாட்டாளரோதான் பாட்டு எழுதியவர்களுக்கும் இசையமைத்தவர்களுக்கும் கட்டணம் வசூலித்துத் தரும் எம்.ஏ.சி.பி. சங்கத்திடம் எடுப்பார்கள், பாடகர் கையிலிருந்து ஒரு காசு போகாது. சிக்கல் அதற்கப்புறம்தான். அந்தப் பணம் சரியான இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் போய்ச் சேர, அன்றிரவு என்னென்ன வாசித்தோம் என்ற பட்டியல் வேண்டும். எங்கள் பட்டியலோ டிஷ்யூவில் கிறுக்கி ஸ்டாண்டில் ஒட்டியிருக்கும், பிரியாணி பரிமாறி முடிப்பதற்குள் குப்பைக்குப் போய்விடும், இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர், பழைய பாட்டைப் பாடி யூடியூப்பில் ஏற்றும்போது இசையமைப்பாளர் பெயரைப் போட்டால் போதும் என்கிறார். பெயர் போடுவது மரியாதை, அனுமதி ஆகிவிடாது. பாட்டைத் தானாக அடையாளம் காணும் யூடியூப்பின் கன்டென்ட் ஐடி மெட்டைப் பிடித்துவிட்டால் விளம்பர வருமானம் உரிமையாளருக்குத் திரும்பும், இல்லாவிட்டால் வீடியோவே முடங்கும், அந்த உரிமையாளரும் பல சமயம் இசை கம்பெனிதான். இந்தியாவிலாவது 2012 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, சினிமாப் பாட்டு தியேட்டரில் படத்தோடு ஓடுவது தவிர மற்றப் பயன்பாட்டில் எழுதியவர், இசையமைத்தவர் ராயல்டிப் பங்கைத் தயாரிப்பாளரோ இசை கம்பெனியோ எழுதி வாங்கிவிட முடியாது. இங்கே உள்ளூர் ஆல்பத்துக்குப் பாட்டு எழுதுகிற தம்பிகள் சங்கத்தில் உறுப்பினராகக்கூடச் சேராமல், மொத்தமாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவதைத்தான் இன்னும் பார்க்கிறேன்.