சிவப்பு என்றால் கோபம்தானா?
உருவங்கள் இல்லாத அரூப ஓவியத்தில் சிவப்பு கோபம், நீலம் அமைதி என்று இங்கே வந்த கட்டுரை அடித்துச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பக்கத்தில் இருக்கும் நிறமும் மேலே விழும் வெளிச்சமும் சேர்ந்துதான் ஒரு நிறத்தைத் தீர்மானிக்கின்றன. தி.நகரில் பட்டுப்புடவை எடுப்பவர்கள் அதைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பார்ப்பது எதற்காக? ஓவியர் ஜோசப் ஆல்பர்ஸ் 1950 முதல் 1976இல் இறக்கும்வரை சதுரத்துக்குள் சதுரமாக ஒரு வரிசையை வரைந்துகொண்டே இருந்தார். வண்ணத்தைப் பெரும்பாலும் கலக்காமல் டியூபிலிருந்து அப்படியே கத்தியால் தடவி, எந்தெந்த வண்ணம் என்று பலகையின் பின்புறம் எழுதியும் வைத்தார். ஒரே மஞ்சள், கரும்சாம்பலுக்குள் ஒளிரும், வெள்ளைக்குள் மங்கும். அதற்கு எந்த உணர்ச்சியின் பெயரை வைப்பது? ஓவியத்தைப் போனில் பார்த்தாலே போதும் என்கிறார், கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர். போதாது. எங்கள் வீட்டுக் கூடத்தில் நண்பர் வரைந்த படம் ஒன்று இருக்கிறது: கருஞ்சிவப்புப் பரப்பு, ஓரத்தில் ஒரு நீலக் கீற்று. பகலில் சிவப்புதான் முன்னே வரும். அந்தி நேரத்தில், விளக்குப் போடும் முன் பார்த்தால் சிவப்பு கறுத்து உள்ளே போய்விடும், நீலம் துலங்கும். வெளிச்சம் குறையும்போது கண்ணில் நிறம் காணும் கூம்பு செல்களின் வேலையை, மங்கிய ஒளியில் பார்க்க உதவும் குச்சி செல்கள் எடுத்துக்கொள்கின்றன. அவற்றுக்குச் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. பர்கின்ஜே விளைவு என்பது இதுதான். தானே ஒளிவிடும் போன் திரையில் இந்த மாற்றத்தை எப்படிப் பார்ப்பது? 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் நம் சென்னை ஈஞ்சம்பாக்கத்திலேயே இருக்கிறது, போய் நேரில் பாருங்கள்.