இஎஸ்சி இருந்தால் வளைவில் வேகம் பார்க்க வேண்டாமா?

"இஎஸ்சி (வண்டி சறுக்காமல் நிலையாக ஓட உதவும் மின்னணு அமைப்பு) உள்ள காரை எந்த வேகத்திலும் வளைவில் திருப்பலாம், சறுக்கவே சறுக்காது." கார் பிரியர்கள் நடுவே சுற்றும் இந்தச் செய்தி தவறு. நம்பி ஓட்டினால் உயிருக்கே ஆபத்து.

இஎஸ்சி என்ன செய்கிறது? ஸ்டீயரிங்கை நீங்கள் எவ்வளவு திருப்பினீர்கள் என்பதை ஒரு சென்சார் கவனிக்கிறது. வண்டி உண்மையில் எவ்வளவு திரும்புகிறது என்பதை இன்னொன்று. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் தேவையான சக்கரத்துக்கு மட்டும் பிரேக் விழும். பின்பக்கம் வெளியே வீசினால் பெரும்பாலும் வெளிப்புற முன்சக்கரம், முகப்பு திரும்பாமல் நேரே ஓடினால் உட்புறப் பின்சக்கரம். இன்ஜினின் இழுவையும் குறையும். அருமையான வேலைதான், மறுக்கவில்லை.

ஆனால் அந்த பிரேக்குக்குப் பிடி கொடுப்பது டயர். ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடும் இடம் கிட்டத்தட்ட உள்ளங்கை அளவுதான். வேகம் 40 கி.மீ.யிலிருந்து 80 ஆனால் அதே வளைவுக்கு நான்கு மடங்கு பிடி வேண்டும். இல்லாத பிடியை எந்த மென்பொருளும் உண்டாக்காது.

1997-இல் ஸ்வீடனில் நடந்த திடீர் விலகல் சோதனையில் (தடையைத் தவிர்க்க வண்டியைச் சட்டென ஒடித்துத் திருப்பும் சோதனை) மெர்சிடிஸ் ஏ கிளாஸ் கவிழ்ந்தது. அப்புறம் அந்த காரில் இஎஸ்சி சேர்த்தார்கள். அதோடு நிற்காமல் சஸ்பென்ஷனையும் மாற்றினார்கள்.

டாஷ்போர்டில் நெளிகோடுகளோடு ஒரு குட்டி கார் மஞ்சளாக மினுக்குகிறதா? டயரின் பிடி எல்லைக்கு வந்துவிட்டது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள்.