ஊமைப்படம் 1927இல் சாகவில்லை
அண்ணன், ‘1927இல் பேசும்படம் வந்தது, அதோடு உலகெங்கும் ஊமைப்படம் ஒழிந்தது’ என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் பாதியை விட்டுவிடுகிறேன். இரண்டாம் பாதி தவறு. ஜப்பானில் 1930களின் நடுப்பகுதியிலும் ஊமைப்படம் எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். காரணம் பென்ஷிகள். திரைக்குப் பக்கத்தில் நின்று, குரலை மாற்றி மாற்றிக் கதை சொல்லும் அவர்களுக்கு நடிகர்களுக்கு இணையான மவுசு. ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் முதல் பேசும் கதைப்படம் 1936இல்தான் வந்தது. சாப்ளின்கூட 1931இல் ‘சிட்டி லைட்ஸ்’ படத்தை வசனமில்லாமல் வெளியிட்டார். நம் முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’ வந்ததும் அதே ஆண்டு. நாயகி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பதில் சொன்னார்!

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத் திடலில் படம் ஓடும்போது ஒலிபெருக்கி பழுதான ஓர் இரவு, கங்காணித் தாத்தா எழுந்து நின்று வசனம் சொன்னார். பாயைச் சுருட்டிக்கொண்டு ஒருவர்கூட லயத்து வீட்டுக்குத் திரும்பவில்லை.