ஸ்கேனில் ஒன்றும் இல்லையாம்

என் தம்பி மகளுக்கு ஒன்பது வயது, காரைக்குடி. போன வருஷம் இரண்டு மாதம் தலைவலி என்று அழுதாள். பாயில் படுத்தால் வலி கூடுமாம். வளவுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குவாள். கோலத்துக்குக் குனிந்து நிமிர்ந்தால் "கண்ணு இருட்டுது அயித்தை" என்பாள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுகிறாள் என்றோம். அப்பத்தா மிளகாய் சுற்றிப் போட்டார்.

கடைசியில் ஸ்கேன் எடுத்தோம். "கட்டி எதுவும் இல்லை, பயப்படாதீங்க" என்று அனுப்பிவிட்டார்கள். பிள்ளையாருக்குச் சிதறுகாய்கூட உடைத்தோம். அந்த நிம்மதி மேல்தான் எனக்கு இன்றைக்கும் கோபம்.

மதுரையில் ஒரு கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டுப் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் பார்வை நரம்பு வீங்கியிருக்கிறது என்றார். கட்டி இல்லாமலே மண்டைக்குள் நீரழுத்தம் ஏறும் நோய் இது. பருத்த பெண்களுக்கு வருவது என்பார்கள். ஆனால் பருவத்துக்கு முந்தைய வயதில் ஒல்லிப் பிள்ளைகளுக்கும், ஆண் பிள்ளைகளுக்கும் வரும். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக், அளவு மீறிய வைட்டமின் ஏ போன்றவையும் கிளப்பிவிடுமாம்.

அப்புறம் மூளை ரத்தக்குழாயில் அடைப்பு இல்லை என்று உறுதி செய்துவிட்டு, முதுகில் ஊசி போட்டு, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் அந்த நீரின் அழுத்தத்தை அளந்தார்கள். "முதுகுல ஊசியா? பிள்ளை முடமாயிரும்" என்று சொந்தம் முழுக்கப் போன் போட்டது. தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழேதான் ஊசி இறங்குகிறது. நீர் ஏறும் உயரத்தை வைத்துத்தான் அழுத்தத்தைச் சொல்வார்கள்; பிள்ளைகளுக்கு 28 சென்டிமீட்டருக்கு மேல் போனால் அதிகம் என்கிறார்கள், இவளுக்கு 34.

மருந்து அசிட்டசோலமைடு மாத்திரை. மூளைநீர் சுரப்பதைக் குறைக்கும். விரல் நுனி மதமதக்கும், பசி குறையும், ரத்தத்தில் உப்பு பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொரு வேடிக்கை, சோடா ருசி செத்துவிடும். கடைக்காரரிடம் இவள் போட்ட சண்டையைப் பார்த்திருக்க வேண்டும்! மாத்திரைக்கு அடங்காமல் பார்வை மங்கினால், நரம்பின் உறையில் துளை போடுவது, நீரை வயிற்றுக்குத் திருப்பும் குழாய் வைப்பது என்று அறுவை சிகிச்சைக்குப் போக வேண்டிவரும்.

பத்தே நாளில் தலைவலி நின்றது. சரி, மாத்திரையை நிறுத்தலாமே என்றான் தம்பி. விடவில்லை நான். வலி போனாலும் நரம்பு வீக்கம் வடிந்திருக்காது. காப்பாற்ற வேண்டியது பார்வையை. தலைவலி விடாத பிள்ளைக்கு ஸ்கேனோடு சேர்த்துக் கண்ணின் பின்பக்கத்தையும் பார்க்காமல் "ஒன்றும் இல்லை" என்று எந்த டாக்டரும் சொல்லக் கூடாது என்பேன். ஐந்து நிமிஷ வேலை அது.

எட்டு மாதம் கழித்து வீக்கம் வடிந்து, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, போன மாதம் நிறுத்தினார்கள். நேற்று பன்னீர் சோடாவை ஒரு மடக்கு குடித்துவிட்டு, "இப்பத்தான் சுர்ருங்குது அயித்தை" என்றாள்.