ஒட்டாது என்றால் கீறாது என்று யார் சொன்னது?

மறுபடியும் கம்பி நார்! புது நான்ஸ்டிக் சட்டி, நடுவில் அலுமினியம் பல்லிளிக்கிறது. கர்ர் கர்ர் என்று சத்தம் கேட்டதுமே ஓடினேன். "சித்தி, வேண்டாம், ஸ்பாஞ்ச் இருக்கு" என்றேன். "அழுத்தித் தேய்ச்சாத்தான்டா போகும்" என்று இன்னும் ரெண்டு இழுப்பு. போகத்தான் செய்தது, பூச்சு! கையைப் பிடித்து நிறுத்தினால், "ஒட்டாத சட்டிதானே, அதுக்கு என்ன ஆகும்?" என்று என்னையே கேட்கிறார். எதுவுமே ஒட்டாத சட்டியில் எதைச் சுரண்டினீர்கள், சித்தி?

இந்த 'என்ன ஆகும்'தான் எனக்குத் தாங்கவில்லை. அந்தப் பூச்சின் பேர் டெஃப்லான். அதன் நீளச் சங்கிலி மூலக்கூறுகளில் கார்பனும் ஃப்ளூரினும் விடாப்பிடியாகக் கட்டிக்கொண்டிருக்கின்றன. அமிலமோ காரமோ அதை அசைப்பது அபூர்வம். ஆனால் அந்த வலுவெல்லாம் ஒவ்வொரு சங்கிலிக்குள்ளேதான். ஒரு சங்கிலிக்கும் பக்கத்துச் சங்கிலிக்கும் பெரிய பிடிப்பு கிடையாது, வழுக்கிக்கொண்டு நகரும். அதனால்தான் அது மெத்தென்று இருக்கிறது. நகத்தாலேயே கீறலாம். ரசாயனத்துக்கு அசையாதது கம்பிக்கும் அசையாது என்று எப்படித்தான் முடிவுகட்டுகிறார்களோ!

எதிலும் ஒட்டாத அந்தப் பொருளை உலோகத்தில் ஒட்டவைக்க என்ன பாடு! 1938-இல் அமெரிக்க வேதியியலாளர் ராய் பிளங்கெட் வாயு அடைத்து வைத்த சிலிண்டரைத் திறந்தால் வாயு வெளியே வரவில்லை, எடையும் குறையவில்லை. அறுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைத் தூள், அதுதான் டெஃப்லான். அந்தத் தூள் 327 டிகிரியில் உருகினாலும் குழம்பாக ஓடாது. அலுமினியத்தைச் சொரசொரப்பாக்கி, அடிப்பூச்சு கொடுத்து, சூளையில் சுட்டு உட்காரவைக்கிறார்கள். தலைமுடிப் பருமன்கூட இருக்காது. அதைத்தான் ஒரே கழுவலில் வழித்தெடுக்கிறோம்.

அப்புறம் ஆரம்பிக்கும் அடுத்த கூத்து. உதிர்ந்த பூச்சுத் துணுக்கு வயிற்றுக்குள் போனால் புற்றுநோய் என்று பதறுவார்கள். துணுக்கு செரிக்காது, போன வழியே வெளியேறிவிடும். கெட்ட பேர் வாங்கியது தயாரிப்பில் பயன்பட்ட பிஎஃப்ஓஏ என்ற வேறு பொருள். 2019-இல், எளிதில் அழியாத நச்சு ரசாயனங்களுக்கான உலக உடன்படிக்கையான ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின் தடைப்பட்டியலில் சேர்த்ததும் அதைத்தான்.

பயப்பட வேண்டிய இடத்தில் மட்டும் பயமே வராது! வெறும் சட்டியை முழுத்தீயில் வைத்துவிட்டு போனில் பேசப் போய்விடுவார்கள். 260 டிகிரியைத் தாண்டினால் பூச்சு கெடத் தொடங்கும், 350-க்கு மேல் நச்சுப்புகை. மனிதருக்குக் குளிர்காய்ச்சல் மாதிரி வரும். கூண்டுப் பறவை செத்தே போகும். சன்னலாவது திறந்து வைக்கிறார்களா? அதுவும் இல்லை.

சரி, சட்டி போகட்டும். குழாய்க்கு டெஃப்லான் டேப் சுற்றிய அந்தப் புண்ணியவான் எங்கே? மரை திருகும் திசையில் சுற்ற வேண்டிய டேப்பை எதிர்த்திசையில் சுற்றியிருக்கிறார். திருகத் திருக அது சுருண்டு வெளியே வருகிறது, தண்ணீர் ஒழுகுகிறது. கூப்பிட்டால் போனை எடுக்க மாட்டேன் என்கிறார்!