ஹேசல் ஸ்காட்டும் ஒரு அழுக்கு ஏப்ரனும்

ஒரே நேரத்தில் இரண்டு பியானோ வாசிக்கும் ஹேசல் ஸ்காட் என்ற கருப்பின ஜாஸ் கலைஞரின் பழைய வீடியோ ஒன்று இணையத்தில் அடிக்கடி கண்ணில் படும். ஒன்று கருப்பு, இன்னொன்று வெள்ளை. நடுவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே ஒரு கை இதில், ஒரு கை அதில். 2019 கிராமி இசை விருது விழாவில் பாடகி அலிசியா கீஸ் அவர் பெயரைச் சொல்லி அதேபோல வாசித்த பிறகு இன்னும் அதிகமாகச் சுற்றுகிறது. பார்ப்பவர்கள் அடேங்கப்பா என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஹேசலை வெறும் வித்தைக்காரியாக்கிவிட்டார்களே என்று எனக்கு எரிச்சலாக வரும். அந்தக் காட்சி வருகிற சினிமாதான் அவருடைய ஹாலிவுட் வாழ்க்கைக்கே முடிவு கட்டியது.

1920இல் டிரினிடாடில் பிறந்தவர். நான்கு வயதில் நியூயார்க். அம்மா ஆல்மாவும் இசைக்கலைஞர். எட்டு வயதில் ஜூலியார்ட் இசைப்பள்ளி ஆசிரியர் முன்னால் ரஷ்ய இசையமைப்பாளர் ரக்மானினாஃபின் இசையை வாசித்துக் காட்டியபோது, ஆக்டேவ் (ஒரு ஸ்வரத்திலிருந்து அதே ஸ்வரத்தின் மேல்ஸ்தாயி வரையுள்ள தூரம்) எட்டாத சின்னக் கை என்பதால் அந்த இடங்களில் எட்டுகிற ஸ்வரங்களைப் போட்டுச் சமாளித்தாராம். பிற்பாடு இதுவே அவருடைய பாணியாகிவிட்டது என்று சொல்லத் தோன்றுகிறது. பிறகு வாசித்த நியூயார்க்கின் கஃபே சொசைட்டி கிளப்பில் கருப்பரும் வெள்ளையரும் ஒன்றாக உட்கார்ந்து கேட்பார்கள். அங்கே பாக், லிஸ்ட் போன்ற மேற்கத்தியச் செவ்வியல் மேதைகளின் இசையோடு ஒழுங்காக ஆரம்பிப்பார். கொஞ்ச நேரத்தில் இடது கை மெதுவாகத் துள்ளத் தொடங்கும், அப்புறம் முழு ஜாஸ்தான்.

சினிமா கூப்பிட்டபோது ஹேசல் வைத்த நிபந்தனைகள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. வேலைக்காரி வேடம் கிடையாது. திரையில் ‘ஹேசல் ஸ்காட்’ ஆகவே வருவார். உடையும் அவர் விருப்பம்தான். 1940களில் ஒரு கருப்பினப் பெண் இப்படிக் கேட்டு வாங்கியிருக்கிறார்!

ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அவர் அவராகவே வருவதால் அவருடைய பாட்டு கதையோடு ஒட்டாமல் தனியாக நிற்கும்; கருப்பினத்தவரைத் திரையில் விரும்பாத அமெரிக்கத் தென்மாநிலத் தியேட்டர்காரர்கள் அதைக் கத்தரித்துத் தூக்கிப் போட்டாலும் படம் குறையாது. மானத்தைக் காத்த அதே நிபந்தனை, அவரை வெட்டி எறிவதையும் சுலபமாக்கியது. அந்த ஹாலிவுட் படங்களில் ஒரு பாத்திரமாக அவர் நடிக்கவே இல்லை என்பதுதான் உண்மை. ‘கொள்கைக்காக நின்றார்’ என்று கைதட்டும்போது இந்த இழப்பையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அந்த இரண்டு பியானோ படம் 1943இல் வந்த ‘தி ஹீட்ஸ் ஆன்’. அதில் போருக்குப் போகும் ஆண்களைக் கருப்பினப் பெண்கள் வழியனுப்பும் காட்சி ஒன்று. அந்தப் பெண்களுக்கு அழுக்கு ஏப்ரன் (வீட்டு வேலையின்போது உடைமேல் கட்டும் துணி) மாட்டிவிட்டிருந்தார்கள். காதலனை வழியனுப்ப எவள் அழுக்கு ஏப்ரனோடு வருவாள் என்று கேட்டு ஹேசல் வேலையை நிறுத்திவிட்டார். இத்தனைக்கும் அது அவர் உடை இல்லை, பின்னால் ஆடும் பெண்களுடையது. மூன்று நாள் படப்பிடிப்பு நின்றது. ஏப்ரன் போனது. கொலம்பியா ஸ்டுடியோ தலைவர் ஹாரி கோன், இனி இவளுக்குப் படமே கிடையாது என்று கறுவினார். ஏற்கெனவே ஒப்புக்கொண்ட படங்களோடு ஹாலிவுட் கதவு சாத்தப்பட்டது.

சரி, சினிமா போனால் டிவி. 1950 ஜூலையில் டுமான்ட் நெட்வொர்க்கில் அவர் பெயரிலேயே நிகழ்ச்சி, வாரம் மூன்று நாள், பதினைந்து நிமிடம். கருப்பினப் பெண் ஒருவருக்கு அமெரிக்க நெட்வொர்க்கில் சொந்த நிகழ்ச்சி கிடைத்தது அதுவே முதல்முறை. கம்யூனிஸ்ட் ஆதரவாளர்கள் என்று 151 பேரைப் பட்டியலிட்ட ‘ரெட் சேனல்ஸ்’ புத்தகத்தில் இவர் பெயரும் இருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வலியப் போய் செப்டம்பர் 22 அன்று அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழு முன் அந்தப் பட்டியலை எதிர்த்துப் பேசினார். ஒரே வாரத்தில் நிகழ்ச்சி ரத்து. எதிர்த்துக் கேள்வி கேட்டதற்குத்தான் இந்தத் தண்டனை என்று நான் நினைக்கிறேன். அந்த நிகழ்ச்சியின் பதிவுகள்கூட இன்று மிஞ்சவில்லை.

பிறகு பாரிஸில் குடியேறினார். அங்கே 1958இல் ழான் காபான் நடித்த ஒரு பிரெஞ்சுப் படத்தில் ஒருவழியாகச் சொந்தப் பெயரில் அல்லாமல் ஒரு பாத்திரமாக வந்தார். அதுவும் பாடகிதான்! 1967இல் அமெரிக்கா திரும்பியபோது ஜாஸ் உலகமே மாறியிருந்தது. 1981இல் காலமானார்.

இரண்டு பியானோ வீடியோவைப் பகிர்கிறவர்கள் 1955இல் வந்த ‘ரிலாக்ஸ்டு பியானோ மூட்ஸ்’ இசைத்தட்டையும் கேட்டுவிடுங்கள். டபுள் பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தில் சார்லஸ் மிங்கஸ், டிரம்ஸில் மேக்ஸ் ரோச். அவர்கள் இருவருக்கும் நடுவில் ஒரே ஒரு பியானோதான். வேடிக்கை காட்டும் அவசரமே இல்லாமல் வாசித்திருக்கிறார்.